ஆச்சி பின்னிய கொட்டானுக்கு என்ன விலை?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஒரு ஓலைப் பெட்டியைப் பற்றி. உள்ளங்கையில் அடங்குற சைஸில் இருந்து, ரெண்டு கையால் தூக்குற சைஸ் வரைக்கும் இருக்கும். செட்டிநாட்டில் அதுக்குப் பேர் கொட்டான்.

திடீர்னு ஏன் ஓலைப் பெட்டின்னு கேட்பீங்க. இன்ஸ்டாகிராமில் கைவினைப் பொருள் விற்கிற பக்கங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. குரோஷா பொம்மை, ஓலைக் கூடை, ஒட்டுத்துணிப் போர்வை. பல பக்கங்களின் அறிமுகத்தில் ஒரே கதைதான் இருக்கும்: பாட்டி பொழுதுபோக்காச் செஞ்சாங்க, பேத்தி அதைத் தொழிலா மாத்தினாங்க. கேட்க இதமான கதை. ஆனா அதில் ஒரு வார்த்தை எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. தாத்தா நாற்காலி செஞ்சா அதைத் தச்சு வேலைன்னு சொல்றோம். பாட்டி கூடை பின்னினா மட்டும் அது ஏன் பொழுதுபோக்கு? அந்தப் பெயர் வெச்ச உடனே பொருளோட விலைக்கு என்ன ஆகுது? இந்தக் கேள்விக்குக் கொட்டானோட வரலாற்றில் நல்ல பதில் இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

கொட்டான்னா என்ன?

பனை மரத்தின் இளம் ஓலையை வெட்டி, வெயிலில் காய வைப்பாங்க. நடுவில் இருக்கிற ஈர்க்கை உருவி எடுத்துட்டு, ஓலையை ஒரே அகலத்தில் கிழிப்பாங்க. கொதிக்கிற தண்ணியில் சாயப்பொடி போட்டு, அதில் ஓலையை முக்கி எடுப்பாங்க. கத்தரிப்பூ நிறம், பச்சை, சிவப்பு, கண்ணைப் பறிக்கிற ரோஸ். பின்னும்போது ஓலை ஈரமா இருக்கணும், காய்ஞ்சா ஒடிஞ்சிடும். அடிப்பக்கம் சதுரமாத் தொடங்கி, மேலே வாய் வட்டமா முடியும். ஒரு ஓலையின் அகலம் கொஞ்சம் மாறினாலும் பெட்டி ஒரு பக்கமாச் சாய்ஞ்சிடும்.

இதோடு முடிஞ்சா அது எல்லா ஊரிலும் இருக்கிற ஓலைப் பெட்டிதான். செட்டிநாட்டுப் பெண்கள் அதுக்கு மேலே உறை போட்டாங்க. நூலிலும் உல்லன் நூலிலும் குரோஷா ஊசியால் பின்னின உறை, வெல்வெட் துணி, கண்ணாடி மணி, ஜிகினா. கல்யாணத்துக்குக் கொடுக்கிற சீரில் மஞ்சள், அரிசி, பூ, பாக்கு எல்லாம் இதில்தான் போகும். பெண்ணுக்குக் கொடுத்த சாமானை எல்லாரும் பார்க்குற மாதிரிப் பரப்பி வைக்கிறது அங்கே வழக்கம். அந்த வரிசையில் கொட்டானும் உட்கார்ந்திருக்கும். பித்தளையும் வெள்ளியும் குடும்பத்தின் வசதியைக் காட்டின, கொட்டான் அந்த வீட்டுப் பெண்களின் கைவேலையைக் காட்டியது.

ஒரு சின்ன விளக்கம். நகரத்தார் வீடுகளில் அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா ஆயா. ஆச்சி என்பது மரியாதையாக் கூப்பிடுற பொதுச் சொல். அதனால் இந்த எபிசோடில் ஆச்சின்னு சொன்னா, அந்த வீட்டுப் பெரிய பெண்கள்னு எடுத்துக்கோங்க.

ஆண்கள் கப்பலில், பெண்கள் வளவில்

செட்டிநாடு இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருக்கிற வறண்ட பகுதி. பனை நிறைய, மழை கம்மி. அங்கே அவ்வளவு பெரிய வீடுகள் எழுந்ததற்குக் காரணம் அந்த மண்ணில் விளைந்த எதுவும் இல்லை. பணம் கடல் தாண்டி வந்தது.

1852-ல் நடந்த இரண்டாவது ஆங்கில-பர்மியப் போருக்குப் பிறகு கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும், பர்மா அரிசி ஐரோப்பாவுக்குப் போகும் வழி சுருங்கியது. ஐராவதி டெல்டாவில் காடு அழித்து நெல் போட விவசாயிகளுக்குக் கடன் தேவைப்பட்டது. அந்தக் கடனைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நகரத்தார். 1929-30-ல் நடந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவற்றின் மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி என்பதை மனசில் வெச்சுக்கோங்க.

இந்தக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் பொதுவாக மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள். பெட்டியடிப் பையனாச் சேர்ந்து, அடுத்தாள் ஆகி, மேலாள் ஆவார்கள். மனைவி, பிள்ளைகள் பெரும்பாலும் ஊரிலேயே. மூன்று வருடம் முடிந்து கொஞ்ச காலம் ஊரில் இருந்துவிட்டு மறுபடி கப்பல்.

அப்போ ஊரில் வீட்டை நடத்தினது யாரு? பெண்கள்தான். நகரத்தார் வீட்டு அமைப்பைப் பார்த்தாலே இது புரியும். நடுவில் வளவு. அதைச் சுற்றி ஒவ்வொரு கல்யாணமான மகனுக்கும் ஒரு அறை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும், ஒவ்வொரு தம்பதிக்கும் வரவு செலவும் சமையலும் தனி. அதுக்கு 'வேறு வைத்தல்' என்று பெயர். புருஷன் ரங்கூனில் இருக்கும்போது அந்தத் தனிக் கணக்கைப் பார்த்தது மனைவி. சீதனமா வந்த பொருளும் பணமும் பெண்ணுடைய சொத்தாவே எண்ணப்பட்டது. ஜப்பானிய மானிடவியலாளர் யூகோ நிஷிமுரா, நகரத்தார் பெண்களையும் சொத்துரிமையையும் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அது 1998-ல் வந்தது.

அதனால், பெரிய வீட்டில் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த பெண்கள் கூடை பின்னினாங்க என்ற சித்திரம் பாதிதான் சரி. கொட்டான் பின்னினது ஓய்வு நேரத்தில்தான். ஆனா அந்தக் கொட்டான் போய்ச் சேர்ந்த இடம் கல்யாணச் சீர். சீர் என்பது ரெண்டு குடும்பத்துக்கு நடுவில் கொடுக்கல் வாங்கலும் கௌரவமும் சேர்ந்த விஷயம். ஆண்கள் வட்டிக் கணக்கில் உறவை வளர்த்தாங்க, பெண்கள் சீரில் உறவை வளர்த்தாங்க. ஒன்றுக்குப் பேரேடு இருந்தது, அது தொழில் ஆச்சு. இன்னொன்றில் உழைத்த நேரத்தை யாரும் குறிச்சு வைக்கலை, அது பொழுதுபோக்கு ஆச்சு.

கொட்டான் ஏன் நின்றது?

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர்களிடம் போனது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1930-களின் இறுதிக்குள் அது சுமார் 25 சதவீதம் ஆனது. நிலம் இழந்த பர்மியர்களுக்கு இது எவ்வளவு கசப்பா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆச்சியின் ஓய்வு நேரத்துக்குப் பின்னாடி இந்தக் கணக்கும் இருந்தது. அதைத் தவிர்த்துட்டு கொட்டான் கதையைச் சொல்ல முடியாது.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள், பலர் நடந்தே வந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றபின் நிலங்கள் தேசியமயமாகின. செட்டிநாட்டுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. குடும்பங்கள் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் வெளிநாட்டுக்கும் பிரிந்தன. பல வீடுகள் வருடத்துக்கு ஒரு தடவை, கோயில் விசேஷத்துக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கிற வீடுகள் ஆகின.

கூடவே எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது. மஞ்சளும் பாக்கும் பிளாஸ்டிக் பையில் போக ஆரம்பிச்சதும் கொட்டானுக்கு வேலை இல்லை. பின்னுற பழக்கம் எல்லா ஊரிலும் வேற ரூபத்தில் தொடர்ந்தது, உங்க வீட்டிலும் ஒரு ஒயர் கூடை இருந்திருக்கும். என் அப்பத்தா பின்னின ஒயர் கூடையில்தான் எங்க வீட்டுக்குக் காய்கறி வந்தது. அதை யாரும் விலைக்குக் கேட்டதும் இல்லை, அவங்க சொன்னதும் இல்லை.

2000-க்குப் பிறகு

கொட்டான் மறுபடி வந்ததில் முக்கியமான பெயர் விசாலாக்ஷி ராமசாமி. செட்டியார் பாரம்பரியத்தைப் பற்றிய ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகத்தை எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பனோடு சேர்ந்து எழுதியவர். 2000 வாக்கில் அவர் தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை, கொட்டான் பின்னத் தெரிந்த மூத்த பெண்களைத் தேடிப் பிடித்தது. அப்படித் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவாகத்தான் இருந்தார்கள். அவர்களிடமிருந்து சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி போனது. பழைய கொட்டான்களின் வடிவங்களைப் பார்த்துப் புதுசாப் பின்னினார்கள். கல்யாணத் தாம்பூலத்துக்கும் அன்பளிப்புக்கும் நகரத்தில் ஆர்டர் எடுத்தார்கள். யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரை கிடைத்தது. செட்டிநாடு கொட்டான் புவிசார் குறியீடும் பெற்றது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. முன்னாடி பின்னினவர்கள் விற்க வேண்டிய அவசியம் இல்லாத வீட்டுப் பெண்கள். இப்போ பின்னுறவங்க அந்த வருமானத்தை நம்பி இருக்கிற பெண்கள். பெட்டியின் வடிவம் மாறலை, பின்னுற கையும் காரணமும் மாறிப் போச்சு. "பாட்டியின் பொழுதுபோக்கு" என்று அட்டையில் அச்சடிச்சா, இன்னைக்குப் பின்னுற பெண்ணைப் பற்றி அது ஒண்ணுமே சொல்லாது. புவிசார் குறியீடும் சொல்லாது. அது ஊர்ப்பெயரைப் பாதுகாக்கும். பின்னுறவருக்கு எவ்வளவு கூலி என்பது அதன் வேலை இல்லை.

நரசாபுரம் சொல்லும் பாடம்

இது ஏன் முக்கியம்னு புரிய, கொட்டானின் உறையில் இருந்த குரோஷா நூலைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச தூரம் போகணும். லேஸும் குரோஷாவும் தென்னிந்தியாவில் பரவியதில் கிறிஸ்தவ மிஷனரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அங்கே அது பெண்கள் பள்ளியோடு சேர்ந்து வளர்ந்த தொழில். பிறகு ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில், நரசாபுரத்தைச் சுற்றி, அதே மாதிரி மிஷனரிகள் வழியாக வந்த லேஸ் பெரிய ஏற்றுமதித் தொழிலாகவே ஆனது.

1970-களின் இறுதியில் அங்கே ஆய்வு செய்தவர் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர். நரசாபுரத்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய அவரது புத்தகம் 1982-ல் வந்தது. அவர் பார்த்தது இதுதான். பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவில் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் லேஸ் பின்னினார்கள். பின்னியது வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. நூலைக் கொடுத்து, பின்னியதை வாங்கிப் போகும் ஏஜென்டுகளும் ஏற்றுமதியாளர்களும் பெரும்பாலும் ஆண்கள், அவர்களில் சிலர் நல்ல வசதிக்கு வந்தார்கள். பின்னிய பெண்களுக்குக் கிடைத்தது குறைந்தபட்சக் கூலிக்கும் ரொம்பக் கீழே. வயலுக்குப் போன பெண்களே இவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள்.

ஏன் இப்படி? ஊரில் எல்லாரும் சொன்ன காரணம், அவங்க வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுறாங்க. தொழிலாளி என்று எந்தக் கணக்கிலும் அவர்கள் பெயர் இல்லை. வயல் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பது கௌரவம் என்று அந்தப் பெண்களில் பலரும் நினைத்தார்கள். பொழுதுபோக்குக்கு யாரு கூலி உயர்வு கேட்பா? எட்டு மணி நேர வேலைக்கு "ஓய்வு நேரம்" என்று பெயர் வைத்ததில் லாபம் பார்த்தவர் ஏற்றுமதியாளர்.

கொட்டானும் லேஸும் ஒரே கேள்வியை ரெண்டு பக்கத்தில் இருந்து காட்டுது. செட்டிநாட்டில் விலையே கேட்காமல் செஞ்ச வேலை, பணவரத்து நின்னதும் தானா அழியப் பார்த்தது. நரசாபுரத்தில் விலைக்குப் போன வேலை, பொழுதுபோக்குன்னு சொல்லியே மலிவாக்கப்பட்டது.

ஒரு கணக்குப் போடுவோம்

நான் இன்ஜினியரிங் ஆளு, கணக்கு இல்லாம எபிசோடை முடிக்க மாட்டேன். இது எந்தக் கடையின் கணக்கும் இல்லை, புரியறதுக்காக நானே போட்ட கற்பனைக் கணக்கு.

ஒரு பெட்டிக்கு 5 மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் வெச்சா 400. ஓலை, சாயம், வீணாப் போறது, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 100. ஆக அடக்கம் 500. கடைக்காரர் விற்கிற விலையில் 40 சதவீதம் எடுத்துக்கிறார்னு வெச்சுக்குவோம். வாடகை, ஜிஎஸ்டி, ரிட்டர்ன் எல்லாம் அவருக்கும் இருக்கு. அப்போ பெட்டியை ஏறத்தாழ 830 ரூபாய்க்கு விற்கணும்.

"ஓலைப் பெட்டிக்கு 830 ரூபாயா?"ன்னு வாங்குறவர் கேட்பார். சரி, 400-க்குத் தர்றோம்னு இறங்குங்க. கடைக்காரருக்கு 160. ஓலைக்கும் சாயத்துக்கும் 100. பின்னினவங்களுக்கு மிச்சம் 140 ரூபாய். 5 மணி நேரத்துக்கு 140, மணிக்கு 28.

நூறு ரூபாய் ஓலைச் செலவைக் குறைக்க முடியாது. வாடகையைக் குறைக்க முடியாது. இந்தக் கணக்கில் இழுத்த இழுப்புக்கு வர்ற ஒரே எண் பின்னுறவங்களோட கூலி. "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே பின்னுறாங்க" என்ற வாக்கியம் வர்றது சரியா அந்த இடத்தில்தான்.

ஆச்சியின் காலத்தில் இந்தக் கணக்கு ஏன் தேவைப்படலை? மூணு செலவை வேற யாரோ ஏத்துக்கிட்டாங்க. ஓலை பக்கத்துத் தோட்டத்தில் கிடைத்தது. நேரத்துக்கான சோறு பர்மாவில் இருந்து வந்தது. வாங்குறவர் முன்கூட்டியே உறுதி, ஏன்னா கல்யாணம் நடக்காம இருக்காது. அந்தக் கைவேலையை இன்னைக்குத் தொழிலா நடத்துறவங்க மூணுக்கும் காசு கொடுக்கணும். ஓலை வெட்டுறதுக்கே மரம் ஏறத் தெரிஞ்ச ஆள் வேணும், அந்த ஆட்கள் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. ஒரே மரத்தில் குருத்தை அளவுக்கு மீறி வெட்டினால் மரமும் நலிஞ்சிடும். பனை மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேணும்னு தமிழ்நாடு அரசு 2021-ல் அறிவிச்சது. கொட்டான் தொழிலுக்கும் அது சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

நல்ல பக்கமும் இருக்கு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. கல்யாணத் தாம்பூலத்துக்கு ஓலைப் பெட்டி தேடுறவங்களை நானே பார்க்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு 300 பெட்டின்னா, 5 மணி நேரக் கணக்கில் அது 1,500 மணி நேர வேலை. ஒரு கிராமத்தில் பத்துப் பேருக்குப் பல நாள் வேலை. அந்த ஆர்டரைக் கொடுக்கிறவங்க 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்று சொன்னா, எது குறையும்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

இதைக் கேட்கிற உங்களுக்கு

பாட்டி அல்லது தாத்தா செஞ்ச கைவேலையை எடுத்துத் தொழில் தொடங்க நினைக்கிறவங்க இந்தக் கேட்கிற கூட்டத்தில் கட்டாயம் இருப்பீங்க. உங்களுக்கு ரெண்டு வேலை சொல்றேன். பாட்டி இருந்தா, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழுப் பொருள் செய்ய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு மொபைலில் பாருங்க. ஓலையை நனைக்கிற நேரம், நூல் பிரிக்கிற நேரம், தப்பாப் போனதைப் பிரிச்சுத் திரும்பப் போடுற நேரம், எல்லாத்தையும் சேர்த்து. அடுத்தது, பக்கத்தின் அறிமுகத்தில் பாட்டி பெயரைப் போடும்போது, இன்னைக்கு அந்தப் பொருளைச் செய்கிறவரின் பெயரையும் போடுங்க. அவங்க சம்மதிச்சா, ஒரு பொருளுக்கு அவங்களுக்கு எவ்வளவு போகுதுன்னும் போடுங்க.

வாங்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கைவேலைப் பொருளைப் பார்த்து விலை அதிகம்னு தோணும்போது, எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு கேளுங்க. விற்கிறவருக்குப் பதில் தெரிஞ்சிருந்தா, அவர் கணக்குப் போட்டிருக்கிறார்னு அர்த்தம். அப்புறம் வாங்குறதும் விடுறதும் உங்க வசதி.

உங்க வீட்டில் யாராவது இந்த மாதிரி ஒரு வேலை செஞ்சிருந்தா, அது என்ன, எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கு எழுதி அனுப்புங்க. வர்ற பதில்களை வெச்சு ஒரு தனி எபிசோட் பண்ணலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் சந்திப்போம்.